பருப்பு வெந்த பிறகுதான் தாளிப்பு: வானிலிருந்து பாலம் பிடிப்பது எப்படி இயங்குகிறது?

பிதுக்குப் பருப்புக் குழம்புக்குத் தாளிக்க இரண்டு கரண்டி கடலெண்ணெய் போதும். அரை ஸ்பூன் கடுகு, மூன்று காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு நாலு பல், ஒரு கொத்து கறிவேப்பிலை. பத்துப் பேர் சாப்பிடுகிற சட்டிக்கு இவ்வளவுதான். ராமகுப்பம் பக்கம் மார்கழியில் பச்சை அவரைக்கொட்டை சந்தைக்கு வந்துவிட்டால், களிக்கு இந்தக் குழம்பு வைக்காத வீடு குறைவு. புதிதாக அடுப்பில் நிற்கிற பிள்ளைக்கு அத்தைமார் முதலில் சொல்லித் தருவது அளவை அல்ல, நேரத்தை: “பருப்பு வெந்துச்சான்னு பாரும்மா, அப்புறம் எண்ணெய வெய்யி.”

கடுகு வெடித்த பிறகு கையில் மிஞ்சுவது சில நொடிகள். அதற்குள் கரண்டி சட்டிக்குள் இறங்கிவிட வேண்டும். பருப்பு இன்னும் கல்லு மாதிரி இருக்கிறதே என்று நின்றால் மிளகாய் கறுக்கும், பூண்டு கசக்கும், தெரு முழுக்க நெடி ஏறும். தாளிப்பை மட்டும் தின்று யாரும் பசியாறியதில்லை.

விமானத்திலிருந்து குதித்துப் பாலத்தைப் பிடிக்கிற பாராசூட் படையின் சூட்சுமம் மொத்தமும் இதற்குள் அடங்கும். குதிக்கிறவர்கள் தாளிப்பு. தரைவழியே நடந்தும் வண்டியிலும் வந்து சேர்கிற காலாட்படைதான் சட்டி. போர்ப் படம் எடுக்கிறவர்கள் கரண்டியில் கடுகு வெடிப்பதையே காட்டுகிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது என்பதால். ஜெயித்ததா தோற்றதா என்று தெரிய வேண்டுமானால் சட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

இதை நம் ராணுவம் ஒருமுறை சுத்தமாகச் செய்து காட்டியிருக்கிறது. 1971 டிசம்பர் 11, அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் டாங்கைல் நகரத்துக்கு வடக்கே, லோஹாஜங் ஆற்றின் மேல் இருந்த பூங்லி பாலம். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய பாராசூட் தாக்குதல் அது. அதற்கு முப்பத்தொரு வருடம் முன்னால், 1940 மே மாதம், ஜெர்மானியர்கள் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பாலம் பாலமாக இறங்கி இந்த வித்தையை உலகத்துக்குக் காட்டினார்கள். போரில் சேராமல் ஒதுங்கியிருந்த நாடுகளின் மேல் விடியற்காலையில் பாய்ந்த அநியாயம் அது. ஆனால் பாராசூட் படையின் பலமும் பலவீனமும் அந்த ஐந்து நாட்களில் அப்பட்டமாகத் தெரிந்துவிட்டதால், பூங்லியைப் புரிந்துகொள்ள அவர்களையும் கூடவே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில், ஏன் பாலம்? வங்காளத்தில் நாலு எட்டு வைத்தால் ஒரு ஆறு. பீரங்கியும் லாரியும் நீந்தாது. பாலத்தை வைத்திருப்பவன்தான் சாலையை வைத்திருக்கிறான். ஆகவே தற்காத்து நிற்கிற படை பாலத்தின் அடியில் முன்கூட்டியே வெடி கட்டிவைக்கும். எதிரி டாங்கி கண்ணில் பட்டதும் திரியைக் கொளுத்தினால் வேலை முடிந்தது. சாலை வழியாக எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்த ஒரு விரல் அசைவை முந்த முடியாது. வானத்திலிருந்து நேராகத் திரிக்காரன் தலையில் இறங்கினால் முந்தலாம்.

1940 மே 10 விடியலில் ஆல்பர்ட் கால்வாயின் பெல்ஜியப் பாலங்களில் நடந்தது அதுதான். கேப்டன் வால்ட்டர் கோக்கின் ஆட்கள் எஞ்சின் இல்லாத கிளைடர்களில், சத்தமே இல்லாமல், பாலங்களின் பக்கத்திலேயே வந்து இறங்கினார்கள். வ்ரோன்ஹோவன் பாலத்தில் திரி பற்றிக்கொண்டே விட்டது. ஒரு ஜெர்மன் சிப்பாய் ஓடிப்போய் அதைப் பிடுங்கி எறிந்தான். வெல்ட்வெசெல்ட் பாலமும் முழுசாகக் கிடைத்தது. கன்னெ பாலத்தில் மட்டும் பெல்ஜியர்கள் முந்திக்கொண்டார்கள், பாலம் தண்ணீருக்குள் போனது. இந்தப் பாலங்களைத் தன் பீரங்கி எல்லைக்குள் வைத்திருந்த எபன் எமேல் கோட்டையின் கூரை மேல் எழுபது எண்பது பேர் இறங்கி, குழிவு வெடிகளை வைத்து அரை மணி நேரத்துக்குள் முக்கியமான பீரங்கிகளை ஊமையாக்கினார்கள். கோட்டையின் அதிகாரிகள் வாசல் வழியாக வருகிற எதிரியைப் பற்றியே யோசித்திருந்தார்கள். மேற்கூரை புல்தரையாக, காலியாகக் கிடந்தது.

பூங்லியில் கணக்கு வேறு. அங்கே பாலத்தைக் காப்பாற்றிக்கொள்வதைவிட, அதன் மேல் எதிரி பின்வாங்கிப் போகாமல் அடைப்பது பெரிய வேலை. மேகாலய எல்லையிலிருந்து நம் படை தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. கமால்பூர், ஜமால்பூர், டாங்கைல், அப்புறம் டாக்கா. எதிரே பிரிகேடியர் அப்துல் காதிர் கானின் 93-வது பிரிகேட். ஜமால்பூரிலும் மைமன்சிங்கிலும் இருந்த அந்த வீரர்கள் முழுசாக டாக்காவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், நகரத்துக்குள் தெருத்தெருவாகச் சண்டை நீளும். அவர்கள் போக வேண்டிய சாலை பூங்லி பாலத்தின் மேல்தான் போகிறது. பாலத்தைப் பிடித்தால் போகிறவர்களுக்கு அது பூட்டிய கதவு, பின்னால் வருகிற நம்மவர்களுக்குத் திறந்த கதவு.

வேலை 2-வது பாராசூட் பட்டாலியனிடம் போனது. தளபதி லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு. கூடவே சிறு பீரங்கிகள், பொறியாளர்கள், மருத்துவக் குழு, எல்லாம் சேர்த்து எழுநூறு பேர் சுமாருக்கு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து டகோட்டா, பாக்கெட் விமானங்கள், ரஷ்ய ஆன்-12, இரண்டு கேரிபூ என்று கிடைத்த ரகமெல்லாம் கலந்து ஏறக்குறைய ஐம்பது விமானங்கள், கல்கத்தா டம்டமிலிருந்தும் கலைக்குண்டாவிலிருந்தும் கிளம்பின.

அந்தப் பழைய டகோட்டாக்கள் பட்டப்பகலில் எதிரி நாட்டுக்குள் தாழப் பறந்து போனது எப்படி? அடுப்பு ஏற்கெனவே நம் கைக்குள் வந்துவிட்டிருந்தது. டிசம்பர் 6, 7 தேதிகளுக்குள் நம் விமானப்படை டாக்காவின் தேஜ்காவ் ஓடுபாதையைக் குழிகுழியாக்கிவிட்டதால், கிழக்கில் பாகிஸ்தான் போர் விமானம் ஒன்றும் மேலே எழும்பவில்லை. இது இல்லாமல் கரண்டியைக் கையில் எடுக்கவே கூடாது. பாராசூட் விமானம் குதிக்கும் இடத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, நேர்கோட்டில், வளையாமல் நெளியாமல் போயாக வேண்டும். அதைவிட எளிதான குறி வானத்தில் கிடையாது.

இனி கரண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். குதிக்கிறவன் தன் உடம்போடு கட்டிக்கொண்டு வருவது மட்டுமே அவனுக்குச் சொத்து. துப்பாக்கி, கொஞ்சம் குண்டுகள், ஒரு தண்ணீர்க் குடுவை, ஒன்றிரண்டு நாளைக்கான உணவு. பெரிய பீரங்கி இல்லை, டாங்கி இல்லை, பின்னால் சப்ளை லாரி இல்லை. 1940-ன் ஜெர்மானியன் நிலைமை இன்னும் மோசம். அவன் பாராசூட்டின் கயிறுகள் முதுகுக்குப் பின்னால் ஒரே இடத்தில் சேர்ந்தன. காற்றில் தொங்கும்போது கயிற்றை இழுத்துத் திசை திருப்ப வழியில்லை, கையையும் முழங்காலையும் ஊன்றி விழ வேண்டியதுதான். அதனால் ரைபிளை உடம்போடு கட்ட முடியாது. பெரும்பாலோர் கைத்துப்பாக்கியோடும் கையெறி குண்டோடும் இறங்கினார்கள், ரைபிளும் மெஷின் கன்னும் தனிப் பெட்டியில், தனிப் பாராசூட்டில் வந்தன. பெட்டி விழுந்த இடம் வேறு, ஆள் விழுந்த இடம் வேறு என்றால் நடுவில் ஓடுகிற அந்தச் சில நிமிஷங்கள்தான் அவன் ஆயுள் ரேகை. 1941-ல் கிரீட் தீவில் பலர் அப்படி ஓடும்போதே செத்தார்கள்.

தாளிக்கிறவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு: கடுகு நாலாபக்கமும் தெறிக்கும். பாராசூட் படையும் அப்படியே. விமானத்தின் வேகம், காற்று, கதவில் ஒருவன் தயங்கிய இரண்டு நொடி, எல்லாம் சேர்ந்து ஒரு கம்பெனியைக் கிலோமீட்டர் கணக்கில் சிதறடிக்கும். தரையைத் தொட்ட பிறகு முதல் வேலை சண்டை இல்லை, ஆள் சேர்ப்பது. குறித்த மரத்தடிக்கோ வரப்புக்கோ எல்லோரும் வந்து கூடும்வரை அது பட்டாலியன் ஆகாது, வயலில் தனித்தனியாக நிற்கிற துப்பாக்கிக்காரர்களின் கூட்டம்தான்.

டாங்கைலில் இதைப் பாதி சரிசெய்தது உள்ளூர்க்காரர்கள். கிழக்குக் கட்டளையின் தலைமை அலுவலகம் கேப்டன் பி.கே. கோஷ் என்ற அதிகாரியை முன்கூட்டியே இரகசியமாக அந்தப் பக்கத்துக்கு அனுப்பியிருந்தது. அவர் மதுபூர் காட்டுப் பகுதியில் காதர் சித்திக்கியின் முக்தி பாஹினி என்ற வங்க விடுதலைப் படை ஆட்களோடு தங்கி, எங்கே குதிக்கலாம், எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து வைத்தார். டிசம்பர் 11 மாலை நாலரை வாக்கில் வானம் பாராசூட்டுகளால் நிறைந்தபோது, சிதறி விழுந்த பெட்டிகளைத் தேடி எடுத்துத் தலையில் சுமந்து கொண்டுவந்து கொடுத்தவர்கள் சுற்றுவட்டார கிராம மக்கள். ஜெர்மானியர்களுக்கு நெதர்லாந்தில் இந்த வசதி கிடைக்கவில்லை, கிடைக்க நியாயமும் இல்லை. எந்த ஊருக்கு விடுதலை கொண்டு போகிறோம், எந்த ஊரைப் பறிக்கப் போகிறோம் என்பது ராணுவத் திட்டத்தில் ஒரு வரியாகக்கூட வராது. ஆனால் சிதறிய பெட்டி திரும்பக் கிடைப்பது அதைப் பொறுத்தும் இருக்கிறது.

இருட்டிய சற்று நேரத்துக்குள் பன்னுவின் ஆட்கள் பாலத்தைப் பிடித்துவிட்டார்கள். பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான், சீக்கிரம் நடந்துவிடும். எதிரி எதிர்பார்க்கவில்லை, காவலுக்குக் கொஞ்சம் பேர்தான். கஷ்டம் அதற்கப்புறம் ஆரம்பிக்கிறது. வடக்கே இருந்து பின்வாங்கி வருகிற எதிரிப் படைக்கு இந்தப் பாலம் ஒன்றே வழி. அவர்களிடம் வண்டி இருக்கிறது, ஆள் இருக்கிறது, உயிர் பிழைத்துப் போகும் அவசரமும் இருக்கிறது. அன்று இரவு அவர்கள் மோதிப் பார்த்தார்கள். பாலத்தின் இரு கரையிலும் குழி வெட்டி உட்கார்ந்த பாராக்கள் விடவில்லை. ஆனாலும் எண்ணெய் சூடேறிக்கொண்டே இருந்தது: ஒவ்வொரு மோதலிலும் கையிருப்புக் குண்டு குறையும், புதிதாக வராது. பாலத்தில் உட்கார்ந்தவனுக்குக் கடிகாரமே எதிரி.

இங்கேதான் சட்டியைத் திறக்க வேண்டும்.

கிழக்குக் கட்டளையின் தலைமைப் பணி அதிகாரியாக இருந்த மேஜர் ஜெனரல் ஜேக்கப், போர் தொடங்கி ஏழாம் நாள் டாங்கைலில் குதிப்பது, இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தரைப்படை வந்து சேர்வது என்று திட்டம் போட்டு வைத்திருந்தார். கேட்க எளிது. அந்தத் தரைப்படை நடுவில் ஒரு பெரிய ஆற்றையும் ஒரு பலமான காவல் நகரத்தையும் தாண்டியாக வேண்டும். வடக்கு முனைத் தளபதி மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங் கில்லின் வண்டி கண்ணிவெடியில் சிக்கி அவர் படுகாயமடைந்து போனார். கந்தர்வ் நாக்ரா அவர் இடத்துக்கு வந்தார். பிரிகேடியர் ஹர்தேவ் சிங் கிளேரின் 95-வது மலைப் பிரிகேட் பிரம்மபுத்திராவைக் கடந்து ஜமால்பூரை முன்னால் தாக்காமல் பின்பக்கமாகச் சுற்றியது. சரணடையச் சொல்லிக் கிளேர் கடிதம் அனுப்பினார். உள்ளே இருந்த 31 பலூச் பட்டாலியனின் தளபதி சுல்தான் மஹ்மூத் பதில் கடிதத்தோடு ஒரு துப்பாக்கிக் குண்டையும் வைத்து அனுப்பினார். ஆள் வீரர்தான், சந்தேகமில்லை.

டிசம்பர் 10 இரவு அவர் டாங்கைல் சாலை வழியாக உடைத்துக்கொண்டு வெளியேறப் பார்த்தார். அந்தச் சாலையைக் குறுக்கே மறித்து இருட்டில் படுத்திருந்தது 1-வது மராட்டா இலகு காலாட்படை, தளபதி லெப்டினன்ட் கர்னல் குல்தீப் சிங் பிரார். விடிந்தபோது சாலையில் இருநூறுக்கும் மேற்பட்ட பாகிஸ்தான் வீரர்களின் சடலங்கள் கிடந்தன. 11-ம் தேதி ஜமால்பூர் விழுந்தது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். பருப்பு வெந்தது 11-ம் தேதி காலையில். எண்ணெயில் கடுகு விழுந்தது அதே நாள் மாலையில். ஜமால்பூர் இன்னும் இரண்டு நாள் தாக்குப்பிடித்திருந்தால் பன்னுவின் எழுநூறு பேர் அந்த இரண்டு நாளையும் தங்கள் முதுகுப்பையில் இருந்ததை வைத்தே ஓட்டியிருக்க வேண்டும். நடந்தது வேறு: மராட்டாக்கள் தூங்கக்கூடச் செய்யாமல் தெற்கே கிளம்பி, மறுநாள் டிசம்பர் 12 மாலை ஐந்து மணி வாக்கில் பூங்லி வந்து சேர்ந்தார்கள். ஏறக்குறைய சொன்னபடியே இருபத்துநாலு மணி நேரம். இன்னொன்று, 2-வது பாரா முன்பு 3-வது மராட்டா இலகு காலாட்படையாக இருந்த பட்டாலியன். பாலத்தில் சந்தித்தவர்கள் ஒரே வீட்டுப் பங்காளிகள்.

பின்வாங்கிய படையில் ஒரு பகுதி பாலம் பிடிபடும் முன்பே தெற்கே நழுவிவிட்டது. ஒரு நாள் முன்னால் குதித்திருந்தால் பொறி முழுசாக விழுந்திருக்கும் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பாதி நியாயமாகவே படுகிறது. ஒரு நாள் முன்னால் என்றால் ஜமால்பூர் விழாத நாள். கூடுதலாக மாட்டியிருக்கும் எதிரியைக் கணக்குப் போடுகிறவர்கள், கூடுதலாகக் காத்திருக்க வேண்டிய இரவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரிகேடியர் காதிரும் எப்படியும் தப்பவில்லை. டாக்கா போய்ச் சேரும் முன்பே பிடிபட்டார்.

சட்டி தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1940-லேயே சாட்சி உண்டு. நெதர்லாந்தின் மூர்டைக் பாலங்களைப் பிடித்த பாராசூட்காரர்களிடம் மூன்றாம் நாள் ஜெர்மன் 9-வது டாங்கிப் படை வந்து சேர்ந்தது, அவர்கள் பிழைத்தார்கள். அதே மே 10-ம் தேதி, ராணியையும் அரசாங்கத்தையும் சிறைபிடிக்க ஹேக் நகரத்தைச் சுற்றி மூன்று விமானத் தளங்களில் இறங்கியவர்களுக்கு அருகில் எந்தச் சட்டியும் இல்லை. அன்று மாலைக்குள் மூன்று தளங்களையும் டச்சுக்காரர்கள் மீட்டுவிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் கைதிகளாகக் கப்பலேறி இங்கிலாந்து போனார்கள்.

ராட்டர்டாமில் நடந்தது இன்னும் கொடுமை. பன்னிரண்டு கடல் விமானங்கள் நகரத்து ஆற்றிலேயே வந்து இறங்கி, நூற்றிருபது பேர் ரப்பர் படகில் ஏறி வில்லம்ஸ் பாலத்தைப் பிடித்தார்கள். வடகரையில் ஒரு சிறு கூட்டம் ஒரு கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டது. டாங்கிகள் தென்கரை வரை வந்தும் டச்சுக்காரர்கள் பாலத்தைத் தாண்டவிடவில்லை. நாலு நாள் இழுபறிக்குப் பிறகு, அந்த முட்டுக்கட்டையை உடைக்க மே 14 அன்று நகரத்தின் மேல் குண்டு பொழிந்தார்கள். எண்ணூறுக்கும் மேற்பட்ட மக்கள் செத்தார்கள், எண்பதாயிரம் பேர் வீடிழந்தார்கள். கருகிய தாளிப்பை எப்படியாவது காப்பாற்றப் போனவன் ஊரையே எரித்தான்.

1944 செப்டம்பரில் பிரிட்டிஷார் இதே நெதர்லாந்தில் இதே பாடத்தை மறுபடி படித்தார்கள். ஆர்னெம் பாலத்தின் வடமுனையை லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃப்ராஸ்ட் எழுநூற்றுச் சொச்சம் பேரோடு பிடித்தார். பூங்லியில் இருந்த அதே அளவு ஆட்கள்தான். இரண்டு நாள் தாங்கினால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூன்று பகலும் நாலு இரவும் தாங்கினார். வழியில் ஒரு பாலம் வெடித்துப்போனது, நைமேகன் பாலத்தில் தாமதம், ஒற்றைச் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. டாங்கிகள் வந்து சேரவே இல்லை. அந்த ஆற்றின் வடகரையில் இறங்கிய ஏறக்குறைய பத்தாயிரம் பேரில் திரும்பியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். வீரத்தில் ஃப்ராஸ்டின் ஆட்கள் பன்னுவின் ஆட்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவர்கள் இல்லை. பன்னுவிடம் பிரார் வந்தார், ஃப்ராஸ்டிடம் யாரும் வரவில்லை.

பாலமே இல்லாமல் போனால்? அதே 1971-ல் அதற்கும் உதாரணம் இருக்கிறது. டிசம்பர் 9 அன்று அஷுகஞ்சில் மேக்னா ஆற்றின் ரயில் பாலத்தைப் பாகிஸ்தான் படை வெடிவைத்து உடைத்தது. கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த லெப்டினன்ட் ஜெனரல் சகத் சிங், அன்றிரவே மி-4 ஹெலிகாப்டர்களில் ஆட்களைத் தூக்கி அக்கரையில் வைக்க ஆரம்பித்துவிட்டார். ஹெலிகாப்டர் திரும்பி வந்து அடுத்த நடையும் ஏற்றும் என்பதால், குதித்தவன் போலத் தனித்துவிடப்பட்ட நிலை அங்கே இல்லை. பாலத்துக்காகப் பாராசூட்டில் குதிப்பது உலகம் முழுக்க அருகிப்போனதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஜெர்மானியர்கள் கிரீட் தீவில் நேர்ந்த உயிரிழப்புக்குப் பிறகே பெரிய அளவில் குதிப்பதை ஏறக்குறைய கைவிட்டுவிட்டிருந்தார்கள்.

தாளிப்புக்கு இன்னொரு குணம் உண்டு, வாசம். ஒரு கரண்டிதான், ஆனால் நாலு வீடு தள்ளி மணக்கும். என்னமோ விருந்து நடக்கிறது என்று பக்கத்து வீட்டார் நினைப்பார்கள். டாங்கைலில் குதித்தது எழுநூறு பேர். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்ததோ ஒரு முழு பிரிகேட், ஐயாயிரம் பேர். பாதுகாப்புத் துறையின் செய்தித் தொடர்பு அதிகாரி ராமமோகன் ராவ், முன்பு ஆக்ரா பக்கம் நடந்த ஒரு பயிற்சியில் வானம் நிறையப் பாராசூட் மிதந்த படத்தைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்திருந்தார். டாக்காவில் கிழக்குப் பாகிஸ்தான் படைத் தளபதி ஜெனரல் நியாஸியின் காதுக்கும் அந்த ஐயாயிரம் எட்டியது. துப்பாக்கி எடுத்துப் போகாத அந்த நாலாயிரத்து முந்நூறு பேருக்கும் சரணாகதியில் ஒரு பங்கு இருக்கிறது.

டிசம்பர் 12-க்குப் பிறகு 2-வது பாரா, பாராசூட்டைச் சுருட்டி வைத்துவிட்டு, தரைப்படையோடு சேர்ந்து தெற்கே நடந்தது. 15-ம் தேதி நள்ளிரவு தாண்டி டாக்காவின் வாசலில், மிர்பூர் பாலத்தின் மேற்கு முனையில் போய் நின்றது. 16 காலையில் நாக்ரா நியாஸிக்கு எழுதிய துண்டுச்சீட்டை ஜீப்பில் எடுத்துக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்து போன அதிகாரிகளில் 2-வது பாராவின் கேப்டன் நிர்பய் சர்மாவும் இருந்தார். பிற்காலத்தில் அருணாசலப் பிரதேசத்துக்கும் மிசோரமுக்கும் ஆளுநரானவர். அந்த மாலை ரம்னா ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்து ஆனது. டாக்காவுக்குள் முதலில் நுழைந்த இந்தியப் பட்டாலியன் என்ற பெயர் 2-வது பாராவுக்குக் கிடைத்தது. அந்தக் கடைசிப் பாலத்துக்கு அவர்கள் வந்தது மட்டும் மற்ற காலாட்படையைப் போலத்தான், சாலை வழியாக.